பேர் இருந்தால் வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் லைன் வீடு. பெயர் போனால் மூன்று மாதத்தில் வீடும் போகும். என் கணவர் செல்லையா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு என் பெயர்தான் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன மாதம் எனக்கும் கடிதம் வந்துவிட்டது, அறுபது வயது முடிந்ததென்று.

உண்மையில் எனக்கு ஐம்பத்தாறுதான். பன்னிரண்டு வயதில் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனபோது பிறப்புப் பத்திரம் இல்லை. அப்பா கூசாமல் பதினாறு என்றார். பதினாறு என்றால்தான் கொழுந்து பறிக்கப் பேர் போடுவார்கள். நானும் பெரிய மனுஷி ஆகிவிட்டதாகக் குதித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தோட்ட ஆபீஸில் பதிவு எழுதும் கிராணி குணாளனிடம் போய் முறையிட்டேன்.

“சரோஜாக்கா, ஐ.சி.ல என்ன இருக்கோ அதான்லா. நான் என்னா செய்ய? வீட்ல வேற ஆளு இருந்தா பேர் குடுங்க.”

வேறு ஆள் என்றால் ஒரே மகள் புனிதாதான். ஈப்போவில் பல் கிளினிக்கில் வேலை, மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாசம். என் வீட்டுக்காரரின் சேமநிதிப் பணம் அவள் படிப்பில்தான் கரைந்தது. கரையட்டும் என்றுதான் கரைத்தோம். அவள் கையில் கொழுந்துக் கறை படக்கூடாது, அவ்வளவுதான் என் வைராக்கியம்.

பக்கத்து டவுன் ரிங்லெட்டில் வாடகை வீடு விசாரித்தோம். பெர்த்தாம் காய்கறித் தோட்டத்தில் இவர் களை பிடுங்கிக் கொண்டுவருவது வாடகைக்கே காணாது.

“புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லுவோமா?” என்றார் இவர்.

“சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

அப்படிக் கத்திய நானேதான் வாயை விட்டேன். தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்று அவள் போனில் சொன்னாள். “இந்தத் தீவாளிக்காச்சும் வந்துட்டுப் போ. அடுத்த வருஷம் வீடு இருக்காது” என்றேன். வாய் தவறி வந்ததென்று இவரிடம் சொன்னேன். தவறித்தான் வந்ததா என்பது எனக்கே தெரியாது. நினைத்தால் கூசுகிறது.

திங்கட்கிழமை மதியம் பெரிய பையோடு வந்து நின்றாள்.

“தோட்டத்து ஆபீஸுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். பேர் குடுத்துட்டேன்.”

முதுகில் இரண்டு அடி வைத்தேன். அசையவில்லை.

“கொஞ்ச நாளைக்குத்தாம்மா. ஒங்க வேல நம்பர் காலியா இருந்துச்சாம், அதையே குடுத்துட்டாங்க. நூத்திப் பதினேழு.”

இவர் தலை குனிந்தபடி அவள் பையை உள்ளே தூக்கிப் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் பிளாஸ்டிக் படுதாவை எடுத்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது நான் கட்டுவதைப்போல இடுப்பில் கட்டிப் பார்த்தாள் புனிதா. அளவு சரியாக இருந்தது. வாய்விட்டு அழுதேன். அழுதேனே ஒழிய, அவிழ்த்துப் போடடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.