சறுக்கு மட்டைக்கு எலுமிச்சம்பழம்

பனி உருகுவதால் ஐந்து கிலோமீற்றர் சறுக்குப் பாதை பன்னிரண்டு மணிக்கு மூடப்படும் என்று மலைப் பூங்காவின் அறிவிப்புப் பலகை சொன்னது. மணி பதினொன்று. அந்தப் பாதையைச் சுற்றி வர நிரூபா மூன்று குளிர்காலமாகக் காத்திருந்தாள்.

"முதல்ல எலுமிச்சம்பழம்," என்றான் கணவன் சஞ்சீவ்.

டூங்கபியில், தங்கள் வீட்டு வாசலில், புதுக் காருக்குச் செய்ததுபோலவே, அவளுடைய புது மட்டைகளின் கீழும் ஒவ்வொரு பழம் வைத்தான். அவள் ஏறி நின்றாள். பழம் நசுங்கவில்லை. இரவு முழுவதும் கார் டிக்கியில் கிடந்து கல்லாகியிருந்தது.

"குதியுமப்பா!"

"குதிச்சிட்டன். கால்தான் நோகுது."

"நசுங்காமல் வெளிக்கிடக் கூடாது."

அப்போது பூங்கா ஊழியர் மேகன், பாதையைச் சமப்படுத்தும் பெரிய வண்டியில் வந்தாள். சஞ்சீவ் ஆங்கிலத்தில் விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிரூபாவை மட்டைகளோடு விலகி நிற்கச் சொல்லி, வண்டியைப் பழங்களின் மேல் ஏற்றினாள். இரண்டும் கூழாகின.

சஞ்சீவ் தலையில் கைவைத்தான். "ஐயோ, காவல் முழுக்க அந்த வண்டிக்கெல்லோ போயிட்டுது!"

"அப்ப நான் அதுக்குப் பின்னாலயே போறன்," என்று நிரூபா கிளம்பிவிட்டாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவள் சுற்றி வந்து சேர்ந்தாள். மேகன் பாதையின் குறுக்கே கயிறு கட்டினாள். சஞ்சீவ் இன்னும் தன் மட்டைகளுக்கான பழங்களை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.