அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் பிறந்தவர்கள்

முனவ்வரா வரலாறு நடத்தும்போது, தாங்கள் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குள் பாடம் நுழைந்ததும் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவின் புதிய வீட்டு வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்த நாளிலிருந்தே இது நடந்து வருகிறது. நாற்காலி இருக்கும், பை இருக்கும், மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டில் தானாக எழும்பிச் சாய்ந்து இறங்கும். ஆள் இருக்குமிடத்தில் குரல் மட்டும் இருக்கும். பள்ளி அலுவலகம் முதலில் தீயணைப்புத் துறையிடம் யோசனை கேட்டது. அவர்கள் வந்து பார்த்து, தங்கள் வேலை இல்லை என்று போய்விட்டார்கள். பிறகு வருகைப் பதிவைப் பாடம் தொடங்கும் முன்பே எடுத்துவிடும்படி சொல்லி அலுவலகம் விஷயத்தை முடித்துக்கொண்டது. வியட்நாம் போர் நடக்கும் வாரத்தில் யாராவது பாத்ரூம் போனால் கதவு அசைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே கால் வைத்ததும் ஆள் தெரிந்துவிடும். யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த 2001 செப்டம்பரின் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆரம்ப வருடங்களில் சிக்கல் இல்லாத பாடமாக இருந்தது. அப்போதைய மாணவர்கள் அந்தக் காலையில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். டீச்சர் டிவியை அணைத்ததையும், அப்பா மதியமே வந்து கூட்டிப்போனதையும் அவர்களே சொல்வார்கள். முனவ்வரா வாய் திறக்கவே வேண்டியிருக்காது. ஆனால் வருடங்கள் ஓட ஓட, நினைவு உள்ளவர்கள் குறைந்தார்கள். 2018இல் அந்தப் பாடத்தின்போது ஒருத்தி மட்டும் தெரிந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய வாரம் பிறந்தவள். தன்னைச் சுற்றியிருந்த காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் கொஞ்சம் அழுதாள். மறுவருடம் ஒருவரும் தெரியவில்லை. அப்போதுதான் கேள்விகள் வர ஆரம்பித்தன. முகம் தெரியாத பிள்ளைக்குக் கூச்சம் கிடையாது. அன்றைக்கு வானம் நிஜமாகவே அவ்வளவு நீலமா, ஊரெல்லாம் எதற்காகக் கொடி வாங்கினார்கள், யார் யாருக்குப் பயந்தார்கள் என்றெல்லாம் காலி இடங்கள் கேட்டன. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தவறாமல் ஒரு குரல் கேட்கும். நியூ ஜெர்சியில் என்று சொல்லிவிட்டு முனவ்வரா ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்விடுவார்.

இந்த வருடம் அவருடைய மகள் ஃபைஹா அந்த வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தோதான நேரத்தில் வேறு ஆசிரியர் இல்லை. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். வகுப்பில் அம்மாவை மிஸஸ் தஸ்தகீர் என்றே அழைத்தாள். அதே வருடம் புதிதாக ஒரு துணை முதல்வரும் வந்திருந்தார். பிள்ளைகள் வீட்டில் கண்டதையும் கேட்கிறார்கள் என்று சில பெற்றோர் புகார் செய்ததால், அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடத்தன்று அவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். சொந்தக் கதை எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது என்பது பள்ளியின் விதி. முனவ்வராவின் வேலை நீடிப்பது அவர் சொல்லில் இருந்தது.

பாடம் தொடங்கியது, வகுப்பு மறைந்தது. அறையில் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் முனவ்வராவும் துணை முதல்வரும் மட்டுமே. வழக்கமான கேள்வி வந்தது, வழக்கமான பதிலும் வந்தது. முனவ்வரா அடுத்த படத்தைத் திரையில் போடப் போகும்போது இரண்டாவது வரிசையிலிருந்து தமிழ் கேட்டது.

"நீங்க எங்க இருந்தீங்கன்னு கேக்கல உம்மா. என்ன பண்ணீங்க?"

முனவ்வரா துணை முதல்வரைப் பார்த்தார். பிறகு காலி நாற்காலியைப் பார்த்து, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அப்போது கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் தஸ்தகீர் அன்று ஜெர்சி சிட்டி அலுவலகத்திலிருந்து பாதித் தூரம் நடந்தே வீட்டுக்கு வந்தார். அதற்குப் பின் கடையில் காசு வாங்குகிற பெண் முனவ்வராவின் முக்காட்டைப் பார்த்துவிட்டு மீதியைக் கையில் தராமல் மேடையில் வைத்தாள். வாசலில் ஒருவன் வண்டியை நிறுத்தி ஏதோ கத்தினான். முனவ்வரா வெளியே போவதை விட்டார். பக்கத்து அபார்ட்மெண்டில் இருந்த வசந்தாமணி, ஈரோட்டுக்காரி, நல்ல மனசுக்காரி, பாலும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். ஒருநாள் தன் ஒட்டுப்பொட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். "இத வச்சிட்டு முக்காட்ட எடுத்துட்டு வா கண்ணு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றாள். முனவ்வரா வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது தஸ்தகீர் அவர் நெற்றியைப் பார்த்தார். பாத்திரம் கழுவப் போனார். இருவரும் இன்றுவரை அதைப் பேசியதில்லை.

ஒரு பாட்டில்கூட அசையவில்லை.

"அது ஒர்க் ஆச்சா?" என்றது இரண்டாவது வரிசை.

"ஆச்சு. அந்தக் கடைப் பொண்ணு சிரிச்சா, பொட்டு அழகா இருக்குன்னா, மீதிய கையில குடுத்தா. ஒர்க் ஆனதுதான்மா கஷ்டம்."

துணை முதல்வருக்கு அருகே இருந்த ஒரு குரல், அன்று அவர் எங்கே இருந்தார் என்று கேட்டது. தான் பார்வையிட மட்டுமே வந்ததாகச் சொன்னார். பிறகு, ஓக்லஹோமாவில், கல்லூரியில், என்றார். இதுவரை தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். மணி அடித்த பிறகும் குரல்கள் அவரை விடவில்லை. வசந்த காலத்தில் முனவ்வராவின் வேலை நீட்டிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத நிலையில் கேள்வி கேட்பவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் துணை முதல்வர் அறிவுறுத்தியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடம் நடந்த அன்று மாலை வீட்டில் தஸ்தகீர் பாத்திரம் கழுவும்போது ஃபைஹா போய் அவர் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பாடம் பிறகு 2008க்கு வந்தது. வங்கிகள் விழுந்த அந்த செப்டம்பரை முனவ்வரா சொல்லத் தொடங்கியதும் வகுப்பின் மூத்த பிள்ளைகள் தெரிய ஆரம்பித்தார்கள். அக்டோபரில் வேலை இழந்தவர்களைச் சொன்னபோது ஜன்னலோரம் நிரம்பியது. குளிர்காலத்தில் வீடுகள் ஏலத்துக்குப் போயின. நடு வரிசையில் இருமல் சத்தத்துக்கு ஒரு முகம் வந்தது. பிப்ரவரி 2009 என்று அவர் சொன்னதும் இரண்டாவது வரிசையில் ஃபைஹா தெரிந்தாள். கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் தூக்கி வைத்திருந்தாளோ. முனவ்வரா பாடத்தை நிறுத்தி, கேள் என்றார்.