வலது பட்டன்

நஷ்டஈட்டு ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். போன தடவை கம்பெனி வக்கீலுக்கு ஜலதோஷம். அதற்கு முந்தின தடவை ஃபைலைக் காணோம். எல்லாவற்றுக்கும் வாய்தா உண்டு. என் வீட்டுக்காரரின் வலது கையில் மூன்று விரல் இல்லை. அதற்கு மட்டும் வாய்தா கிடையாது.

அவருக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை. அந்த மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டவே மாட்டாது. ஆனால் வலது பட்டன் அமுங்கியே இருக்கும்படி ஒரு கட்டைத்துண்டைச் செருகிவிட்டால், வலது கையால் தகடு வைத்துக்கொண்டே இடது கையால் தட்டலாம். வேலை மளமளவென்று ஓடும். அங்கே எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். மானேஜர் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்ததே இல்லையாம்.

"பாதுகாப்பை அவரே கெடுத்துக்கிட்டார். கம்பெனி என்ன பண்ணும்?" என்றார் வக்கீல். அதையே தீர்ப்பாக எழுதிவிட்டால் நஷ்டஈடும் போச்சு. அந்தக் கையோடு வேறு வேலையும் கிடைக்காது.

சாட்சிக்கு அடுத்த மிஷின்காரர் வந்தார். ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயவே ஓயாது. அன்றைக்குத் தரையைப் பார்த்து, "கட்டையா? நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றதோடு சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கூட இருந்தே குழி பறிப்பதில்லாமல் வேறென்ன?

"அவனுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல, விடு" என்றார் என் வீட்டுக்காரர். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! விசாரணையில் வெறும் தலையாட்டல். வீட்டில் எதிராளிக்கு வக்காலத்து.

கடைசியில் கேஸை விசாரித்த அதிகாரியம்மா மிஷினை நேரில் பார்க்க வேண்டும் என்றார். போனோம். கீழே சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படிக் கழுவியிருந்தார்கள். எந்த மிஷினிலும் ஒரு குச்சிகூட இல்லை.

"யாராவது ஓட்டிக் காட்டுங்க" என்றார் அதிகாரியம்மா.

மானேஜர் ரேடியோவை முன்னால் தள்ளினார். "தினமும் ஓட்டுற மாதிரியே ஓட்டுப்பா, பயப்படாதே."

ரேடியோ அப்படியே ஓட்டினார். கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. கட்டைத்துண்டு வந்தது. வலது பட்டனில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு. தகடு விழ ஆரம்பித்தது. பதற்றத்தில் தான் செய்வதே அவருக்குத் தெரியவில்லை.

மானேஜருக்குத் தெரிந்தது. "அறிவிருக்காடா? எல்லாக் கட்டையையும் காலையிலேயே எடுத்துடச் சொன்னேன்ல!"

ரேடியோ திடுக்கிட்டுத் திரும்பினார். வலது கை உள்ளே. இடது கை பட்டன்மேல்.

"கைய எடுறா!"

கத்தியது என் வீட்டுக்காரர். பாய்ந்து, மிச்சமிருந்த விரல்களால் சட்டையைப் பிடித்து இழுத்தார். அச்சு வெறும் தகட்டின்மேல் இறங்கியது.

வக்கீல் தொண்டையைச் செருமி வாய்தா கேட்டார்.

"கிடையாது" என்றார் அதிகாரியம்மா. மானேஜர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ரேடியோ தேம்பித் தேம்பி அழுதார். என் வீட்டுக்காரர் அவர் சட்டையை இன்னும் விடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எனக்கும் புரிந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு கை போனது போதவில்லை. எங்களை நம்புவதற்கு இன்னொரு கையும் உள்ளே போகவேண்டியிருந்தது.