ஆசான் பார்க்கப் போன ஜொஹரா பீவி

அங்காடியில் ஒரு போக்கிரியிடம் அடி வாங்கிய நாளிலிருந்து பரீத் இஞ்சிக் கடையைத் திறக்கவில்லை. சிலம்பம் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவானாம். அதற்கு நல்ல ஆசானாகப் பார்ப்பது யார் வேலை? பெண்டாட்டி வேலை! அவனே போய்க் கேட்டால் மானம் போய்விடுமே! கடை இப்படியே பூட்டிக் கிடந்தால் அடுப்பில் பூனைதான் தூங்கும். ஜொஹரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நல்ல ஆசானை எப்படி அடையாளம் காண்பது? சாயாக்கடை சைபுதீன், "உடம்பு நெறயத் தழும்பு வேணும்" என்றார். பக்கத்து வீட்டு சுல்ஃபத் சிரித்தாள். "இத்தா, அடி வாங்கினவனுக்குத்தானே தழும்பு? நல்ல ஆசானுக்கு ஒரு கீறல் இருக்காது." இரண்டுமே சரியாகப் பட்டது. அவளுக்குத் தலை சுற்றியது.

மட்டாஞ்சேரி செல்லதுரை ஆசானுக்கு மார்பெல்லாம் தழும்பு. "நாளைக்கே அனுப்பு. ஒரே மாசத்துல அங்காடி நடுங்கும்" என்றார். மனசு குளிர்ந்தது. ஆனாலும் இன்னொருவரையும் பார்த்துவிடலாமென்று பள்ளுருத்திக்கு பஸ் ஏறினாள்.

அங்கே பிச்சைமணி ஆசானின் தோளில் சீடன் கம்பு பட்டென்று விழுந்தது. ஆசானோ, "அப்படிப் போடு!" என்று சிரிக்கிறார். யா அல்லா, அடி வாங்கிச் சிரிக்கிற இவரா ஆசான்? ஒன்றும் புரியவில்லை. வந்ததற்குக் கேட்டுவைப்போமென்று விஷயத்தைச் சொன்னாள்.

ஆசான் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "கையில என்ன தாயி?"

"கிணத்துக் கயிறு இழுத்திருச்சு."

"கயித்துக்கு அஞ்சு விரல் உண்டா?"

அவள் முக்காட்டு நுனியை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"அவனுக்கு நான் கம்பு குடுக்க மாட்டேன், தாயி. வெறுங்கையிலயே இப்படின்னா..."

"அவரு அடி வாங்கிட்டு வந்து கெடக்காரு! கடை பூட்டிக் கெடக்கு!" ஜொஹராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசான் கம்பை எடுத்துக்கொண்டு சீடன் பக்கம் திரும்பிவிட்டார்.

இவர் பெரிய ஆளா, பைத்தியமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குழப்பம். செல்லதுரை பெயரைச் சொன்னால் போதும், கடை திறந்துவிடும். சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள்.

பரீத் கட்டிலிலிருந்து எழவேயில்லை. "கெடச்சானா நல்ல ஆசான்?"

"கெடச்சாரு."

"எப்ப வரச் சொன்னான்?"

அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"உங்கள வர வேண்டாம்னுட்டாரு."