பொதுமக்கள் தரப்புக் கேள்வி

டைல்ஸ் மேஸ்திரிக்கு அன்று கொடுக்கப்பட்டிருந்த வேலை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "வாங்க, உக்காருங்க, முடிஞ்சதும் கைதட்டுங்க. நடுவுல ஒண்ணும் வேணாம்" என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். இருபது வருஷமாகக் குத்துக்காலிட்டுத் தரை போடுகிறவருக்கு நாற்காலியில் உட்காருவதுதான் சிரமம். வாய் விஷயம் சுலபம் என்றே நினைத்தார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சின்ன வகுப்புகளுக்கு. பெரிய வகுப்புக்குப் போக வேண்டுமானால் கணிதத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். சேர்ந்தாள். பட்டத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மேஸ்திரி நாற்பதை நெருங்கும்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார்; பழகியதில் பாதி அந்தத் தாளில். அதனால் பஸ் போர்டை வாசிக்கத் தெரிவதற்கு முன்பே 'மேற்படி', 'உட்பிரிவு' எல்லாம் அவருக்கு அத்துப்படி.

தாள் பத்துப் பாடங்கள் கேட்டது. பத்தையும் முடித்தாள், அதில் ஒன்றை இரண்டு முறை. வேற்றுமொழியில் உள்ள கணக்குக் கட்டுரை ஒன்றை அகராதி வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கச் சொன்னது. அதற்குத் தயாரான மூன்று மாதம் வீட்டில் யாரும் யாரோடும் எந்த மொழியிலும் பேசவில்லை. அப்புறம் ஆய்வேடு, அப்புறம் வாய்மொழித் தேர்வு. எல்லாம் ஐந்து வருஷத்துக்குள். அந்த ஐந்து வருஷம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. தவறினால் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து.

ஆய்வேடு தரையைப் பற்றியது. 'ட' வடிவத்தில் ஒரு டைல், மூன்று கட்டம் அளவு. அதை உடைக்காமல் ஓர் அறையை நிரப்ப முடியுமா? சில அறைகளில் முடியவே முடியாது. எந்தெந்த அறையில் முடியாது என்று, உள்ளே ஒரு டைல்கூட வைக்காமல், சுவரோரமாக ஒரு சுற்று வந்தே சொல்லிவிட ஒரு வழி கண்டிருந்தாள். எண்பத்து நாலு பக்கம்.

"முடியாதுன்னு சொல்றதுக்கா எண்பத்து நாலு பக்கம்?" என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார்.

"முடியலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிப் போடுவேன்."

"அதான் உங்களுக்குப் பக்கம் தேவைப்படல."

தேர்வு அறையின் தரையை மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. குதிகாலால் தட்டினால் நாலு டைலுக்கு ஒன்று டொக்கென்றது. யார் கண்ணிலும் படாமலிருக்க, அறை நடுவே நின்ற தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார். முன்னால் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் தலைவர். ஓரத்தில் ஒரு குமாஸ்தா படிவத்தோடு இருந்தார். மனைவி ஒரு மணி நேரம் பேசினாள். மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள், அவள் மாறாமல் பதில் சொன்னாள். குமாஸ்தா மூன்று கட்டங்களில் 'திருப்தி' என்று எழுதினார்.

"அடுத்து ஒன்பதாவது உட்பிரிவு" என்றார் குமாஸ்தா. "பொதுமக்கள் தரப்புல ஒரு கேள்வி."

வழக்கமாக இதற்கு ஒரு சிநேகிதியைச் சொல்லி வைப்பார்கள். அவள் எழுந்து "அடுத்து என்ன ஆராய்ச்சி?" என்பாள். "இன்னும் நிறைய இருக்கு" என்று பதில் வரும், எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். மனைவி சொல்லி வைத்திருந்தவளுக்கு அன்று குழந்தைக்குக் காய்ச்சல்.

குமாஸ்தா பொதுமக்களைத் தேடினார். பொதுமக்கள் தூணுக்குப் பின்னால் இருந்தார்.

"சார், ஏதாவது கேக்கறீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க."

"இல்லைன்னு எழுதக் கட்டம் இல்ல சார்" என்றார் குமாஸ்தா. "கேள்வின்னு ஒரு கட்டம், பதில்னு ஒரு கட்டம். சும்மா பேருக்கு ஒண்ணு கேளுங்க. மணி நாலாகப் போகுது."

மேஸ்திரி தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே ஏதோ சொன்னாள், புரியவில்லை. பேருக்கு ஒரு வேலை செய்து அவருக்குப் பழக்கமில்லை. பேருக்குப் போட்ட தரை மூன்றாம் மாதம் சத்தம் கொடுக்கும்.

"நடுவுல தூண் இருந்தா?" என்றார்.

"என்னது?"

"சுவரோரமா ஒரு சுத்து வந்தாப் போதும்னாங்க. இந்த ரூமையே எடுத்துக்குங்க, எத்தனை சுத்து வந்தாலும் இந்தத் தூண் கையில தட்டுப்படாதே. நாங்க புது எடத்துக்குப் போனா மொதல்ல தூணைத்தாங்க பாப்போம். வேலை கெட்டுப்போறதே அங்கதான்."

மூன்று பேராசிரியர்களும் தூணைப் பார்த்தார்கள். தலைவர் பதினெட்டு வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டுதான் தன் நாற்காலிக்குப் போகிறார். ஆய்வேட்டைப் புரட்டினார். "'எந்த அறையானாலும்'னு போட்டிருக்கீங்களேம்மா."

மனைவி பலகைப் பக்கம் திரும்பி, நாலுக்கு நாலாகக் கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். மேஸ்திரிக்கு நாற்காலி இன்னும் சிரமமாகிவிட்டது.

"பதினாறு கட்டம்" என்றாள் கடைசியில். "மூணால வகுபடாது. சுவரைச் சுத்தி வந்தா, முடியாதுன்னுதான் வரும். ஆனா உள்ள ஒரு கட்டத்தைத் தூணுக்குக் கொடுத்துட்டா மீதி பதினஞ்சு." ஐந்து டைல்களை ஒவ்வொன்றாக வரைந்தாள். அறை கச்சிதமாக நிரம்பிவிட்டது. "அவர் சொல்றது சரி. தூண் இருந்தா என் நிரூபணம் நிக்காது."

இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"கைதட்டுங்கன்னுதானே சொன்னேன்?"

"படிவத்துல கட்டம் இருந்துதே."

"இந்தக் கேள்விய வீட்டுலயே கேட்டிருக்கலாமில்ல? அஞ்சு வருஷம் இருந்துது!"

"வீட்டுல தூண் இல்லையே."

அவள் எண்பத்து நாலு பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். முதல் பாடத்துக்கு எந்த நோட்டை வைத்திருந்தாள் என்று மேஸ்திரி நினைத்துப் பார்த்தார். பரண் மேல் பச்சை அட்டை போட்டது. எடுக்க ஏணி வேண்டும்.

நாலு இருபதுக்குக் கதவு திறந்தது. தலைவர் சொன்னார்: "தேறிட்டீங்க. தன் தப்பைப் பலகையிலேயே நிரூபிச்சவங்களை எப்படித் தோக்கடிக்கிறது? ஆனா எங்கெங்க 'எந்த அறையானாலும்'னு இருக்கோ, அங்கெல்லாம் 'தூண் இல்லாத'ன்னு சேத்துக் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள."

இருவரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரிக்கு அதுதான் வசதி. அவர் விரலை வரிமேல் ஓட்டிக் கண்டுபிடிக்க, அவள் எழுதினாள். கணக்கு ஒன்றும் புரியாததால் வேறெதிலும் அவர் கவனம் போகவில்லை. பத்தொன்பது இடம் என்று அவள் முடித்துவிட்டாள். "அட்டையில ஒண்ணு இருக்கு" என்றார் அவர். இருந்தது.

நாலு ஐம்பத்தாறுக்குக் குமாஸ்தா ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு படிவத்தை மேஸ்திரியிடம் நீட்டினார். "கடைசிக் கட்டம் உங்களுது சார். பதில் திருப்தியா, இல்லையா. டிக் போட்டுக் கையெழுத்து."

மேஸ்திரி பேனாவை வாங்கிக்கொண்டு ஒருமுறை தூணைப் பார்த்தார். மனைவி பலகையில் வரைந்தது சதுரத் தூண். இது வட்டத் தூண்.

"ஏங்க" என்றாள் மனைவி.

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு 'திருப்தி'யில் டிக் போட்டார். பிறகுதான் ஞாபகம் வந்து கைதட்டினார்.