ஒன்பதாவது குழி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு மனிதரின் நகக்கண்ணிலிருந்து கிடைத்தது. ஒரு மாதமாக விடாத இருமல். நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். எக்ஸ்ரே அறையில், சில்லென்ற பலகையோடு என் தோளைச் சேர்த்து அழுத்தியவரின் நகங்களுக்குள் கறுப்பாக மண் இருந்தது. [ஆஸ்பத்திரியில் மண்ணா என்று முகம் சுளித்தேன். இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே தெரிகிறது, தெரியட்டும்.]

"தோட்டமா?" என்றேன்.

"ஆமாங்க. பூச்செடி. இப்பத்தான் முதல் தடவை." கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கை சும்மா இருக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

பிடித்தேன். அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "விடலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதில் பெரும்பகுதி நான் இட்டுக்கட்டியது.

2

தூக்கிப்போட்ட ஆரம்பங்கள்:

'வசந்தம் வந்துவிட்டது என்பதை அவர்

'பூக்களை நேசிக்காத மனிதர் யார்

இரண்டாவதை எழுதியவனை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

'தினமும் முப்பது பேரையாவது மூச்சைப் பிடிக்கச் சொல்வதால் ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர்.' இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

மூச்சுக்காரருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அவர் மனைவிக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. ஊரார் உடைகளை இடுப்பில் பிடித்தும் தோளில் பிரித்தும் தைப்பவர். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் பதினோராவது வாரத்தில் கலைந்துபோனது. இது மூன்றாவது. ஒன்பது வாரம் முடிந்திருந்தது.

எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பலகை உண்டு: கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும். பலகை இருந்தாலும் வருகிற பெண்களிடம் மூச்சுக்காரர் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற வாய், வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. "வலி இருக்கா? துணியில ஏதாச்சும் பட்டுச்சா?" பல் தேய்க்கும்போது ஒரு தரம், செருப்பு மாட்டும்போது ஒரு தரம்.

ஒருநாள் மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேக்குற ஒவ்வொரு தடவையும் நானும் உள்ள போய்ப் பாத்துட்டு வர வேண்டியிருக்கு. என்னால முடியலைங்க. பன்னெண்டு வாரம் தாண்டட்டும். அதுவரைக்கும் கேக்காதீங்க. கைக்கு வேற ஏதாவது வேலை குடுங்க."

அப்படித்தான் தோட்டம் வந்தது.

[இந்தப் பெண்ணின் வயிற்றில் துயரத்தை வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த மனிதர் பூவுக்காகவே தோட்டம் போட்டிருக்கலாம். இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். ஆனால் 'வீட்டுல சொல்லிட்டாங்க' என்றபோது அவர் குரல் இறங்கியது. அதை நான் இட்டுக்கட்டவில்லை.]

4

நாற்றுக்கடைக்காரம்மா சூரியகாந்தி விதை கொடுத்தார். "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சரி. ஒரு விரல்கணு ஆழம் போதும். தண்ணி தெளிங்க. பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீங்க."

"போகாம எப்படிங்க தண்ணி தெளிக்கிறது?"

"போங்க, தெளிங்க, வந்துடுங்க. அங்க நின்னுட்டு இருக்காதீங்க."

சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஸ்கேல் வைத்து ஒன்பது குழிகள் போட்டார். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நாலாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன் முதல் குழியை விரலால் கிளறினார்.

அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். தோலுக்கு உள்ளே இருப்பதைப் பார்த்தே பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவர். மண்ணைப் படம் எடுக்க வழியில்லாததால் தோண்டினார்.

விதை உயிரோடுதான் இருந்தது. ஓடு பிளந்து, வெள்ளையாக நூல்போல ஒரு வேர் நீட்டியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாகப் பார்க்க வெளிச்சத்தில் தூக்கினார். வேர் முறிந்தது.

மறுநாள் இரண்டு குழி. அதற்கு மறுநாளும் இரண்டு. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை ஜாக்கிரதையாக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏழாம் நாள் மூன்று. எட்டுக் குழிகள் காலி.

5

மனைவி அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். [முதல் பிரதியில் இங்கே அவரைக் கத்த வைத்தேன். திரும்பப் படித்தபோது அது என் குரலாக இருந்தது.] வெளியே வந்து கணவரின் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எல்லாமே முளைச்சிருந்துச்சா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூடப் பழுது இல்லையா?"

"இல்ல. நான் சும்மா இருந்திருந்தா..."

மனைவி உள்ளே போய் முக்காலியையும் தையல் கூடையையும் தூக்கிவந்து, ஒன்பதாவது குழியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே காலையில நான் இங்கதான் தைப்பேன். நீங்க கை கழுவிட்டுக் கிளம்புங்க."

அன்று அவர் மடியில் இருந்தது கடைத்துணி இல்லை. தன்னுடைய சட்டை. அதன் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மூச்சுக்காரர் பார்த்தார். கேட்கவில்லை.

6

முடிவு ஒன்று: பதினோராம் நாள் பச்சையாக ஒரு தளிர், மனைவி சிரிக்கிறார். எழுதிப் பார்த்தேன். திகட்டியது.

முடிவு இரண்டு: ஒன்பதாவது குழியிலும்

கை வரவில்லை.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி. படத்தை வாங்கும் சாக்கில் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவரையே கேட்டுவிடலாமென்று. எக்ஸ்ரே அறையில் வேறொருவர் இருந்தார்.

"அவர் லீவுங்க. பத்து நாளாச்சு."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியலையே. அவர் நம்பர் இருக்கு, தரட்டுமா?"

நல்லதற்கும் லீவு போடுவார்கள். கெட்டதற்கும் போடுவார்கள். புதியவர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். நான் என் போனைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வேண்டாங்க," என்றேன்.

இந்தக் கதையை எட்டு முறை கிளறி, எட்டு முறையும் எதையோ முறித்திருக்கிறேன். ஒன்பதாவது குழி அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் முக்காலி இருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்க உங்கள் விரலும் துறுதுறுக்கும். அங்கே வெறும் தாள்தான், நம்புங்கள்.

மூச்சை நன்றாக இழுங்கள். அப்படியே பிடியுங்கள்.

விடச் சொல்ல வேண்டியவர் லீவில் இருக்கிறார்.