கடப்பாரை என்ற மானும் ஒரு ஜோடி பூட்ஸும்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கைப்பேசியிலிருந்து கிடைத்தது. விஸ்கான்சினின் வடக்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. கைப்பேசியை நீட்டுவார்கள். அதில் ஒரு மான் இருக்கும். காட்டில் மரத்தோடு கட்டிவைத்த கேமரா எடுத்த படம். எதிரில் ஏதாவது அசைந்தால் கேமரா தானாகவே படம் பிடித்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடும். அவர் கடையில் நிற்கலாம், தேவாலயத்தில் மண்டியிட்டிருக்கலாம், படம் வந்துவிடும்.

பாலத்தடி உணவகத்தில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தபோது வெர்லின் கோவால்கே என் தட்டுக்கு மேலே கையை நீட்டினார். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மருந்துக் கடை வைத்திருப்பவன் என்றாலும் இங்கே எல்லோருக்கும் நான் 'டாக்'தான், அதாவது டாக்டர்.

"டாக், இதைப் பாரு. சோறு எறங்காது உனக்கு."

பெரிய ஆண் மான். ஒரு கொம்பு ஒழுங்காக வளைந்து போகிறது. இன்னொன்று வளையாமல் நேராக நீண்டு நுனியில் பிளந்திருக்கிறது. அதனால் அதற்குக் கடப்பாரை என்று பெயர். மாவட்டத்தில் பாதிப் பேர் அதன் பின்னால் அலைந்தார்கள்.

"ரெண்டு கொம்புக்கும் நடுவுல உள் அகலம் இருபது இஞ்ச் வரும்," என்றார் ஒருவர்.

"போய்யா. காதை வச்சு அளந்து பாரு. பதினெட்டைத் தாண்டாது."

"உனக்கு வயித்தெரிச்சல். உன் கேமராவுல ரக்கூனைத் தவிர வேற என்ன விழுந்திருக்கு?"

"ரக்கூன்னாலும் நல்லா கொழுத்த ரக்கூன்யா அது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே படத்தின் மூலையைப் பார்த்தேன். மானின் முன்னங்காலுக்குப் பக்கத்தில், இலைகளின் மேல், ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. அடிப்பாகம் கேமராவைப் பார்த்திருந்தது. பூட்ஸுக்குள் கால்கள் இருந்தன.

"இது யாரோட பூட்ஸ்?"

வெர்லின் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆர்டனோடது," என்றார். "படம் மார்வாவோட கேமராவுல வந்தது."

அதன் பிறகு யாரும் கொம்பைப் பற்றிப் பேசவில்லை. அப்போதே இதைத் தமிழில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி எழுதுவது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "மான் குனிந்து அவனை முகர்ந்து பார்த்தது. அதன் மூச்சில்—"

விட்டுவிட்டேன். அதன் மூச்சில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: "அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. காரணம், நிலம்."

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் உடனே தலையாட்டிவிடுவார், தனக்குத் தெரிந்த நாலு குடும்பம் அவருக்கு நினைவுக்கு வந்துவிடும். உண்மையில் நிலத்தை அவர்கள் சண்டையில்லாமல்தான் பிரித்துக்கொண்டார்கள். அப்பா விட்டுப்போன காட்டில் ஓடைக்கு இந்தப் பக்கம் மார்வா டெஷ், அந்தப் பக்கம் ஆர்டன் டெஷ், நடுவில் ஒரு வேலி. சண்டை வந்தது ஒரு மானால். (கடப்பாரை அல்ல, அதற்கு முந்தையது.) மார்வா ஒரு இளம் ஆண் மானை இலையுதிர் காலம் ஒவ்வொன்றிலும் மரத்தோடு கட்டிய வேட்டைப் பரணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடும் தூரத்தில் வந்தபோதும் விட்டுவிட்டாள். வளரட்டும் என்று. அது வேலி தாண்டிப் போன ஒரு நாள் ஆர்டன் அதைச் சுட்டுத் தன் வீட்டு வாசலில் தொங்கவிட்டான்.

"அது இன்னும் சின்னதுடா. ஒரே ஒரு வருஷம் விட்டிருந்தா என்னாயிருக்கும்!"

"என் பக்கம் வந்துச்சு, சுட்டேன். உன் பேரை எழுதி ஒட்டியா அனுப்பின?"

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு பேச்சே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஆர்டன் தனியாகப் பன்றித் தொடை வேகவைத்துத் தின்றான். அவன் மனைவி அதற்கு முன்பே அவனை விட்டுப் போய்விட்டிருந்தாள். மார்வாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

[இங்கே எனக்கு ஒரு தொழில் சிக்கல். ஆர்டன் இளையவன். ஆங்கிலத்தில் அவன் அவளை 'மார்வா' என்றே கூப்பிடுகிறான். நான் 'அக்கா' என்று எழுதினால் பாதிச் சண்டை அந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துபோகிறது. அவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.]

3.

இப்போது மார்வாவைப் பற்றி. ஊர் ஹார்டுவேர் கடையில் கல்லாவில் நிற்பவள். ஆணி வாங்க வந்தவனிடம் எதற்கு ஆணி என்று கேட்டு, அது வேண்டாம், திருகாணி போடு என்று அனுப்புவாள். அறுபதைத் தாண்டியவள். நன்றாகச் சுடுவாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் தன் பக்கத்து மரம் ஒன்றில் கேமராவைக் கட்டி, அதை வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். ஆர்டனின் பரணும் அதற்கு முன்னால் ஒரு காட்டு ஆப்பிள் மரமும் அங்கே இருந்தன. மான்களுக்கு ஏதோ நோய் பரவுகிறது என்று எங்கள் மாவட்டத்தில் தீனி போட்டு வேட்டையாடத் தடை இருக்கிறது. ஆர்டன் மக்காச்சோளம் கொட்டிக் கடப்பாரையை இழுக்கிறான் என்று மார்வா நம்பினாள். வாளியும் கையுமாக அவன் படத்தில் விழுந்தால் வனக் காவலருக்கு அனுப்பிவிடலாம்.

இப்படி ஒரு பாத்திரத்தை உங்களுக்குப் பிடிக்காது என்று பயந்து, ஒரு வரைவில் அவளுக்கு ஒரு நோயாளித் தோழியைக் கொடுத்தேன். இன்னொன்றில் மான்கள்மீது தாய்ப்பாசம். கடைசியில் நேரே போய் அவளிடமே கேட்டேன்.

"எதுக்கு அங்க கேமரா வச்சீங்க?"

"அவனை மாட்டிவிடத்தான். பின்ன எதுக்கு? படம் எடுத்து ஃபிரேம் போடவா?"

நோயாளித் தோழியை எடுத்துவிட்டேன்.

4.

அன்று என்ன நடந்தது என்று என் முதல் வரைவு இப்படிச் சொல்கிறது:

துப்பாக்கிக்கு முன்னால் வரும் வில் வேட்டைக் காலம். மார்வா கடையில் இருக்கிறாள். வெர்லின் திருகாணி வாங்க வந்திருக்கிறார். கைப்பேசி ஒலிக்கிறது. படத்தில் ஆப்பிள் மரத்தடி, ஒரு ஓரத்தில் பூட்ஸ்.

"பாரு வெர்லின், வந்துட்டான். கையும் களவுமா."

"கால்தானே தெரியுது. என்ன பண்றான், படுத்துக்கிட்டா சோளம் கொட்டுறான்?"

"எப்படியோ கொட்டட்டும். அடுத்த படத்துல வாளி வரும், இருந்து பாரு."

வெர்லின் சிரித்தபடி இதை உணவகத்தில் சொல்லப் போகிறார். அவர் போனதும் இரண்டாவது படம் வருகிறது. பூட்ஸ் அதே இடத்தில், ஒன்றின் முனை மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. ஆர்டன் பரணிலிருந்து விழுந்து கிடக்கிறான் என்பது அவளுக்கு விளங்கிவிடுகிறது. "மார்வா கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி—"

இந்த இடத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"நான் எங்க ஓடினேன்? ஓடலையே."

"பின்ன?"

சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது படம் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் போனை டிராயருக்குள்ள போட்டு மூடினேன். ஒருத்தி பெயிண்டுக்கு நின்னுட்டிருந்தா. கலக்கிக் கொடுத்தேன். மெஷின்ல வச்சுக் குலுக்கினேன். மூடியைச் சுத்தியால தட்டி அடைச்சேன். அவ பொறுமையா இருந்தா. நானும் பொறுமையாத்தான் இருந்தேன்."

"எமர்ஜென்சிக்குக் கூப்பிட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கன்னு பயமா?"

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்கேன்." சில்லறை அடுக்கு ஒன்று சரிந்தது, திரும்ப அடுக்கினாள். "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு இருந்துச்சு, டாக். அவ்வளவுதான். எழுதறதுன்னா அதை எழுது. ஓடினேன்னு எழுதாத."

எழுதிவிட்டேன்.

5.

டிராயருக்குள் கைப்பேசி மறுபடி முனகியது. மூன்றாவது படத்தில் ஒரு பெட்டை மான், பூட்ஸ்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஆப்பிள் தின்கிறது.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பரணில் இருப்பவன் மூக்கைச் சொறிந்தாலே பெட்டை மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அது அவ்வளவு பக்கத்தில் நின்று தின்கிறது என்றால் அந்த மனிதன் அசையவில்லை. இந்தப் படத்தை எடுக்க வைத்தது மானின் அசைவு. அவனுடையது அல்ல.

உடனே அடுத்த படம். பெட்டையைத் தேடிக்கொண்டு கடப்பாரை வந்திருந்தது. அதுதான் ஊரெல்லாம் சுற்றிய படம்.

"அதைப் பார்த்ததும் என்ன நெனச்சீங்க?"

"கொம்பை எண்ணினேன்," என்றாள் மார்வா. "பத்துக் கிளை. அப்புறம்தான் எமர்ஜென்சிக்குப் போன் பண்ணினேன். யாரா இருந்தாலும் முதல்ல கொம்பைத்தான் பாப்பாங்க. நீ பாக்க மாட்ட, நீ வேட்டைக்காரன் இல்ல."

மீட்பு வண்டிக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். வேலியைத் தாண்டும்போது கம்பியில் கால்சட்டை கிழிந்தது. பரணின் ஏணிப்படி ஒன்று உடைந்து தொங்கியது. ஆர்டன் மல்லாந்து கிடந்தான், உதடு நீலமாக. உயிர் இருந்தது. சோளம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு மணிகூட இல்லை. மரத்திலிருந்து தானாக உதிர்ந்த ஆப்பிள்கள்தான்.

"மார்வா." குளிரில் அவன் பல் அடித்துக்கொண்டது. "அவனைப் பாத்தியா?"

"பாத்தேன். பேசாத."

"இங்கயே நின்னான். தொடலாம்போல. வில்லு எட்டல."

"வாயை மூடு ஆர்டன்."

கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டாள். போதாது என்று தோன்றியதால் பக்கத்தில் இலைகளின் மேல் படுத்து அவனைக் கட்டிக்கொண்டாள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு சதுப்பைச் சுற்றி வந்து சேரும்வரை அப்படியே இருந்தார்கள். அதையும் கேமரா எடுத்தது. அந்தப் படத்தை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. எனக்கும் காட்டவில்லை.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு, கண்ணும் கலங்கும். ஆனால் ஆர்டன் சாகவில்லை. பிழைத்த ஆள் கேள்வி கேட்பான்.)

6.

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பான், பரண் ஏற மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். சற்றுத் தேறியதும் மார்வா மருத்துவமனைக்குப் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் நான் இல்லை. இனி வருவது அவள் சொன்னது.

அவன் முதலில் கேட்டது படத்தைத்தான். அவனுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"கீழ இருக்கிற பட்டை எங்க? வெட்டிட்டியா?"

கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு கறுப்புப் பட்டை போடும். தேதி, நேரம், குளிர் எவ்வளவு, நிலா எப்படி. வேட்டைக்காரர்கள் மானுக்கு அடுத்து அதைத்தான் பார்ப்பார்கள். மார்வா அதை நறுக்கிவிட்டுத்தான் ஊருக்கு அனுப்பியிருந்தாள்.

"முழுசாக் காட்டு," என்றான்.

அழித்துவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வரைவில் அப்படித்தான் சொல்ல வைத்தேன், அவளைக் காப்பாற்ற. ஆனால் அவள் கைப்பேசியைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே முன்னும் பின்னும் போய்வந்தான். என்ன நேரம் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கணக்குப் போட ஆரம்பிப்பீர்கள். அவன் போட்டதே போதும்.

"இதுக்கும் இதுக்கும் நடுவுல எங்க இருந்த?"

"கடையிலதான்."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"பெயிண்ட் கலக்கிட்டிருந்தேன்."

நர்ஸ் வந்து தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடணும் கண்ணு, நேத்தும் அப்படியே வச்சிட்டீங்க," என்று அதட்டிவிட்டுப் போனாள். கதவு மூடியது.

"என்ன கலரு?" என்று கேட்டான் ஆர்டன்.

சமையலறைக்கான மஞ்சள் என்று அவள் சொன்னாள்.

7.

முடிவுகள்:

அ) அவன் குத்தலாகக் கேட்டான். அப்படியென்றால் அந்தக் கேள்வி அவள் சாகும்வரை அவளோடு இருக்கும்.

ஆ) அவன் மன்னித்துவிட்டான், அதைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. இங்கே ஆண்களுக்கு—

இல்லை. ஆண்களைப் பற்றிய அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

இ) அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தான் இலையில் கிடந்த நேரத்தில் உலகத்தில் வேறு என்ன நடந்தது என்று.

"எப்படிக் கேட்டான், கோபமாவா?" என்று மார்வாவிடம் விசாரித்தேன். "தெரியல," என்றாள். "ஜன்னலைப் பாத்துக்கிட்டுக் கேட்டான். மூஞ்சி தெரியல." பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இப்போது வாராவாரம் அவள்தான் அவனை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள். வண்டியில் மான்களைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள். துப்பாக்கி வேட்டைக் காலமும் வந்து போய்விட்டது. கடப்பாரை யார் கையிலும் சிக்கவில்லை.

'என்ன கலரு?' ஆங்கிலத்தில் அது இரண்டே சொல். எந்தத் தொனியையும் காட்டிக்கொடுக்காத சொற்கள். தமிழிலும் இரண்டே சொல்லில் எழுதியிருக்கிறேன், ஒரு இழுப்பு, ஒரு 'ஆமா', எதுவும் சேர்க்காமல். நீங்கள் தனியாக இருக்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தத் தொனியில் வருகிறதோ அதுதான் முடிவு. நானும் சொல்லிப் பார்த்தேன், பலமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. எப்படிச் சொன்னாலும் மார்வா அந்த நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை.